முகமூடி போட்டா பயந்தாங்கொள்ளியா?

எக்ஸ்ட்ரா டைம்

ஹாக்கின்னு சொன்னதும் பச்சை டர்ஃப், வளைஞ்ச மட்டை, தயான்சந்த், தன்ராஜ் பிள்ளைன்னு மனசுக்குள்ள ஒரு ஊர்வலமே கிளம்பும். இந்த வாரம் அந்த ஹாக்கிக்கு லீவு. நாம போகப்போறது ஃப்ரீஸருக்குள்ள நடக்குற ஹாக்கிக்கு... ஐஸ் ஹாக்கி!

தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி டிரெய்லர். 200 அடி நீளம், 85 அடி அகலத்துல ஒரு ஐஸ் தரை. ஒரு டீமுக்கு கோலியையும் சேர்த்து ஆறு பேர். காலில் கத்தி மாதிரி பிளேடு வெச்ச ஸ்கேட்ஸ். இருபது இருபது நிமிஷமா மூணு பீரியட். பந்து கிடையாது. அதுக்குப் பதிலா 'பக்' என்று ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. மூணு இன்ச் அகலம், ஒரு இன்ச் தடிமன், சுமார் 170 கிராம் எடை. ஐஸில் துள்ளாமல் வழுக்கிக்கிட்டுப் போகணும்னு மேட்சுக்கு முன்னாடி அதை உறைய வெச்சுடுவாங்க. அதாவது கல்!

இன்ஜினீயரிங் படிக்கிற பாவத்துக்கு ஒரு சின்ன கணக்கு. 170 கிராம் பக், மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வந்தால், அதன் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 168 ஜூல். 160 கிராம் கிரிக்கெட் பந்து 150 கி.மீ. வேகத்தில் வந்தால் 139 ஜூல். பிரெட் லீ பந்தைவிட மோசமான ஒரு சமாச்சாரம் முகத்துக்கு நேரா வருது. அதைத் தடுக்குறதுதான் கோலியோட வேலை. சரி, முகத்துக்கு என்ன போட்டிருந்தாங்க?

ஒண்ணுமே கிடையாது பாஸ்! 1917-ல் ஆரம்பிச்ச என்.ஹெச்.எல். (நேஷனல் ஹாக்கி லீக்) உலகத்துலயே பெரிய ஐஸ் ஹாக்கி லீக். அதில் நாற்பது வருஷத்துக்கும் மேல கோலிகள் வெறும் முகத்தோடதான் நின்னாங்க. மூக்கு உடையும், பல் கொட்டும், தையல் போடுவாங்க, திரும்ப வந்து நிப்பாங்க. அதுக்குப் பேர் வீரம்!

இந்த வீரத்தை யார் முதல்ல கேள்வி கேட்டாங்க, கேட்டவங்களுக்கு என்ன ஆச்சு? ஐஸ் ஹாக்கியின் மறக்க முடியாத தருணங்கள்னு நிறைய லிஸ்ட் இருக்கு. அதில் கோல்களையும் கோப்பைகளையும் விட்டுட்டு, இந்த ஒரு கேள்வியை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போவோம்.

நவம்பர் 1, 1959

நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். மான்ட்ரியல் கனேடியன்ஸுக்கும் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கும் மேட்ச். மான்ட்ரியல் கோலி பேரு ஜாக் பிளான்ட். ஆளு கொஞ்சம் வித்தியாசமான கேரக்டர். பதினோரு பிள்ளைகள் இருந்த வீட்டுல மூத்தவர். தலைக்குப் போடும் கம்பளித் தொப்பியைத் தானே பின்னிக்குவார். மத்தவங்க கலாய்ச்சாலும் அலட்டிக்க மாட்டார்.

அந்த சீசனுக்கு முன்னாடியே பிளான்ட்கிட்ட ஒரு முகமூடி இருந்தது. பில் பர்ச்மோர் என்று ஒருத்தர், ஃபைபர்கிளாஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். பிளான்ட்டோட முகத்தை அச்செடுத்து, அதன் மேல ஃபைபர்கிளாஸை அடுக்கடுக்காப் படிய வெச்சு, தோல் நிறத்தில் ஒரு கவசம் செஞ்சு கொடுத்தார். கண்ணுக்கு ரெண்டு ஓட்டை, வாய்க்கு ஒரு ஓட்டை. பார்த்தா பேய்ப் படத்து வில்லன் மாதிரி இருக்கும். பிராக்டீஸில் போட்டுக்கோ, மேட்சில் கூடாது என்பது கோச் டோ பிளேக்கின் ஆர்டர். முகமூடி போட்டா பார்வை மறையும், அதோட கோலிக்கு பயம் வந்துடுச்சுன்னு எதிராளி நினைப்பான். இதுதான் அந்தக் காலத்து லாஜிக்.

மேட்ச் ஆரம்பிச்சு மூணு நிமிஷம்தான் ஆகியிருக்கும். ரேஞ்சர்ஸ் வீரர் ஆண்டி பாத்கேட் அடிச்ச ஷாட், பிளான்ட்டின் முகத்தைப் பதம் பார்த்தது. ஐஸெல்லாம் ரத்தம். உள்ளே தூக்கிட்டுப் போய் தையல் போட்டாங்க.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். அப்போ ஒரு டீமுக்கு ஒரே ஒரு கோலிதான். அவருக்கு அடிபட்டா, உள்ளூர் டீம் ஏற்பாடு பண்ற யாராவது ஒரு ஸ்டாண்ட்-பை ஆளைத்தான் நிறுத்தணும். அதைவிட முக்கியமான இன்னொரு விஷயம், அப்போ லீக்கில் மொத்தமே ஆறு டீம்தான். அதாவது, உலகத்திலேயே என்.ஹெச்.எல். கோலி வேலை ஆறே ஆறு! வாய்ப்புக்காக வெளியே கியூ நிக்குது. 'இவனுக்கு பயம் வந்துடுச்சு'ன்னு ஒரு பேச்சு கிளம்பினா, வேலை காலி.

இவ்வளவும் தெரிஞ்ச பிளான்ட், தையல் போட்ட முகத்தோட கோச்சிடம் சொன்னது ஒரே விஷயம்தான். முகமூடி இல்லாமல் ஐஸில் கால் வைக்க மாட்டேன்! கோச்சுக்கு வேற வழி இல்லை. சுமார் இருபது நிமிஷம் கழிச்சு, முகமூடியோட பிளான்ட் திரும்பி வந்தார். மான்ட்ரியல் 3-1 என்று ஜெயிச்சது.

காயம் ஆறும்வரைதானே என்று கோச் நினைச்சார். ஆனா மேட்ச் மேல மேட்ச் ஜெயிச்சுக்கிட்டே இருந்தாங்க. ஜெயிக்குற குதிரையை யார் நிறுத்துவா? 1960 மார்ச் 8-ம் தேதி, கோச் கேட்டுக்கிட்டதால ஒரே ஒரு மேட்சுக்கு முகமூடியைக் கழற்றிவிட்டு விளையாடினார். டெட்ராய்ட் 0-3 என்று தோற்கடிச்சது. அடுத்த மேட்சில் முகமூடி ரிட்டர்ன்! அந்த வருஷம் பிளே-ஆஃப்பில் எட்டு மேட்ச், எட்டும் வெற்றி. தொடர்ந்து ஐந்தாவது முறையா ஸ்டான்லி கோப்பை. இன்றுவரை இன்னொரு டீம் தொட முடியாத சாதனை அது.

பார்வை மறையும்னு சொன்ன வாய்களெல்லாம் கப்சிப்!

முதல் ஆள் ஒரு ஸ்டூடன்ட்!

பிளான்ட்தான் முகமூடியைக் கண்டுபிடிச்சார்னு நினைச்சுடாதீங்க. அவருக்கு 32 வருஷத்துக்கு முன்னாடியே, 1927-ல், கனடாவின் குயின்ஸ் யுனிவர்சிட்டி பெண்கள் டீமுக்கு கோலியா நின்ன எலிசபெத் கிரஹாம், வாள் சண்டைக்குப் போடுற கம்பி வலை முகமூடியை மாட்டிக்கிட்டு விளையாடினார். பல்லுக்கு சிகிச்சை எடுத்திருந்ததால் அதைக் காப்பாத்தத்தான் இந்த ஐடியா என்பார்கள். ஆக, இந்தக் கதையில் முதல் ஆள் நம்ம இனம்... காலேஜ் ஸ்டூடன்ட்!

அப்புறம் 1930-ல் மான்ட்ரியல் மரூன்ஸ் கோலி கிளின்ட் பெனடிக்ட், ஹோவி மோரென்ஸ் அடிச்ச ஷாட்டில் மூக்கு உடைஞ்சு, தோல் முகமூடியோட வந்தார். கண்ணை மறைக்குதுன்னு சில மேட்ச்களிலேயே கழற்றிப் போட்டுட்டார். அதுக்கப்புறம் பிளான்ட் வரும்வரை, சுமார் முப்பது வருஷம் மேட்சில் முகமூடியைத் தொடர்ந்து போட யாரும் துணியலை. ஃபைபர்கிளாஸ் வர லேட் ஆனது ஒரு காரணம். ஆனா பெரிய தடை, 'நாலு பேர் என்ன சொல்வாங்க'தான்.

பிளான்ட்டுக்குப் பிறகு நிலைமை தலைகீழ். 1960-களின் கடைசியில் பாஸ்டன் புரூயின்ஸ் கோலி ஜெர்ரி சீவர்ஸ் பண்ணின ரவுசு தனி. பக் வந்து முகமூடியில் பட்டா, அந்த இடத்தில் மார்க்கரால் ஒரு தையல் வரைஞ்சுடுவாங்க. முகமூடி மட்டும் இல்லைன்னா என் முகத்தில் இத்தனை தையல் இருந்திருக்கும்னு ஒரு ஓடுற கணக்கு! அந்த முகமூடி முழுக்கத் தையல் தையலா நிறைஞ்சுபோச்சு. இன்றைக்கு கோலிகள் முகமூடியில் புலி, கழுகுன்னு பெயின்ட் அடிச்சுக் கலக்குறதுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

முகமூடி இல்லாமல் என்.ஹெச்.எல்-லில் விளையாடின கடைசி கோலி பிட்ஸ்பர்க்கின் ஆண்டி பிரவுன். வருஷம் 1974. பிளான்ட்டில் இருந்து பதினைந்தே வருஷத்தில், முகமூடி போடாதவன்தான் விசித்திரப் பிறவி ஆகிட்டான்!

29 வயசு

சரி, கோலிகள் தப்பிச்சாங்க. மத்த அஞ்சு பேர்? அவங்க தலையில் அப்பவும் ஒண்ணும் இல்லை.

பில் மாஸ்டர்டன் அப்படி ஒருத்தர். காலேஜ் ஹாக்கியில் ஸ்டார். ஆனா ஆறே டீம் இருந்த லீக்கில் இடம் கிடைக்கலை. 1967-ல் லீக் ஆறில் இருந்து பன்னிரண்டு டீமா வளர்ந்தது. 29 வயசில் கதவு திறந்தது. புது டீம் மினசோட்டா நார்த் ஸ்டார்ஸ். அந்த டீம் வரலாற்றிலேயே முதல் கோல் அடிச்சது நம்ம மாஸ்டர்டன்தான்.

1968 ஜனவரி 13. ஓக்லண்ட் டீமுடன் மேட்ச். வேகமா வந்தவர் மீது எதிரணி வீரர்கள் மோத, பின்பக்கமா விழுந்தார். வெறும் தலை ஐஸில் மோதியது. இரண்டு நாள் கழிச்சு, ஜனவரி 15-ல் இறந்துட்டார். கனவு கைக்கு வந்து மூணு மாசம்தான் ஆகியிருந்தது. என்.ஹெச்.எல். மேட்சில் பட்ட அடியால் நேரடியா இறந்த ஒரே வீரர் இன்றுவரை அவர்தான்.

அவர் பேரில் ஒரு விருது வெச்சாங்க. ஹெல்மெட் கட்டாயம்னு ரூல் போட்டாங்களா? அதுக்கு இன்னும் பதினோரு வருஷம் ஆச்சு!

நடுவில் 1969-ல் இன்னொரு சம்பவம். பாஸ்டன் வீரர் டெட் கிரீனுக்கும் செயின்ட் லூயிஸின் வெய்ன் மாக்கிக்கும் மட்டைச் சண்டை. கிரீனின் மண்டை ஓடு உடைஞ்சது. ஒரு சீசன் முழுக்க விளையாடலை. திரும்பி வந்தப்போ ஹெல்மெட்டோட வந்தார். அவர் கூட விளையாடினவங்களில் பெரும்பாலானவங்க? அப்பவும் வெறும் தலைதான்!

பேராசிரியர் போட்ட கணக்கு

இந்தக் கூத்தைப் பார்த்து மண்டை காய்ஞ்ச ஒருத்தர், தாமஸ் ஷெல்லிங். ஹார்வர்டு பொருளாதாரப் பேராசிரியர். பின்னாளில், 2005-ல், நோபல் பரிசு வாங்கினவர். கேம் தியரியில் கில்லாடி. 1973-ல் ஹாக்கி ஹெல்மெட்டை வெச்சே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

டெட் கிரீன் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வீரர் பத்திரிகையில் சொன்னதுதான் அவருக்குப் பொறி. ஹெல்மெட் போடாம விளையாடறது முட்டாள்தனம், ஆனா மத்தவங்க போடறதில்லை, அதனால நானும் போடறதில்லை, லீக் ரூல் போட்டா எல்லாரும் போட்டுக்குவோம், யாரும் வருத்தப்பட மாட்டோம் என்று அந்த வீரர் சொன்னதா செய்தி.

ஷெல்லிங் இதை அழகாப் பிரிச்சு மேய்ந்தார். ஹெல்மெட் இல்லாதவனுக்கு ஓரப் பார்வை கொஞ்சம் கூடுதலா இருக்கலாம், தலை லேசா இருக்கும், தைரியசாலின்னு பேர் வேற. இந்தச் சின்ன அட்வான்டேஜை விட்டுக்கொடுத்து முதல் ஆளா ஹெல்மெட் மாட்ட ஒருத்தருக்கும் மனசு வராது. எல்லாரும் மாட்டினா யாருக்கும் நஷ்டம் இல்லை, எல்லார் மண்டையும் தப்பிக்கும். ஆக, தனித்தனியா விட்டா யாரும் போட மாட்டாங்க. அதே ஆளுங்களை ரகசிய ஓட்டுப் போடச் சொன்னா, ஹெல்மெட் கட்டாயம்னு ஓட்டுப் போடுவாங்க!

படிக்கும்போது சிரிப்பு வருதுல்ல? ஒரு தடவை நம்ம கிளாஸை நினைச்சுப் பாருங்க, சிரிப்பு நின்னுடும்.

தாத்தா ரூல்!

ஒருவழியா 1979-80 சீசனில் ஹெல்மெட் கட்டாயம் ஆச்சு. அதுக்குள்ளயே பெரும்பான்மை வீரர்கள் தாங்களாவே போட ஆரம்பிச்சிருந்தாங்க. ஆனா அதிலும் ஒரு ட்விஸ்ட். 1979 ஜூன் 1-க்கு முன்னாடி ஒப்பந்தம் போட்ட சீனியர்களுக்கு விலக்கு! ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுட்டு வெறும் தலையோட விளையாடலாம். அப்படி விளையாடின கடைசி ஆள் கிரெய்க் மக்டாவிஷ். அவர் ரிட்டையர் ஆனது 1997-ல்! ரூல் வந்து பதினெட்டு வருஷம் கழிச்சு!

இதுக்குப் பேரே 'கிராண்ட்ஃபாதர்' ரூல். பழைய ஆளுங்க பழைய மாதிரியே இருக்கட்டும், புதுசா வர்றவன் மட்டும் மாறட்டும். சண்டை இல்லாம மாற்றம் கொண்டுவர நல்ல டெக்னிக்தான். ஆனா தரையில் இருக்கிற ஐஸுக்கு சீனியர், ஜூனியர் தெரியாதே!

இதே கதைதான் கண்ணுக்கும். 2000-ல் டொரன்டோ வீரர் பிரையன் பெரார்டின் கண்ணில் எதிரணி வீரரின் மட்டை பட்டு, பார்வை கிட்டத்தட்ட போயே போச்சு. பல ஆபரேஷன்களுக்குப் பிறகு திரும்பி வந்து விளையாடினார். 2004-ல் அவருக்குக் கிடைச்ச விருது எது தெரியுமா? பில் மாஸ்டர்டன் விருது! ஆனா கண்ணாடித் தடுப்பு கட்டாயம் ஆனது 2013-ல்தான். அதுவும் 26 மேட்சுக்குக் கீழே ஆடின ஜூனியர்களுக்கு மட்டும். மறுபடியும் தாத்தா ரூல்!

மிச்சம் இருந்தது கழுத்து

1989 மார்ச் 22. பஃபலோ டீம் கோலி கிளின்ட் மலர்சக். முகத்தில் முகமூடி இருக்கு, தலைக்கும் பாதுகாப்பு இருக்கு. கோல் கம்பத்துக்கு முன்னால ஒரு மோதல். எதிரணி வீரரின் ஸ்கேட் பிளேடு மேலே எழும்பி, மலர்சக்கின் கழுத்து நரம்பை அறுத்துட்டது. டி.வி. கேமராக்கள் வேற பக்கம் திரும்பிக்கிச்சு. அம்மா டி.வி-யில் பார்த்துக்கிட்டிருப்பாங்க, அவங்க கண் முன்னாடி சாகக் கூடாது, சீக்கிரம் உள்ளே போயிடணும் என்பதுதான் அப்போ தன் மனசில் ஓடியதா பிறகு அவரே சொல்லியிருக்கார்.

டீமின் டிரெய்னர் ஜிம் பிசுடெல்லி, வியட்நாம் போரில் ராணுவ மருத்துவ உதவியாளரா இருந்தவர். ஓடி வந்து, அறுந்த இடத்தைக் கையாலேயே அழுத்திப் பிடிச்சு ரத்தத்தை நிறுத்தினார். அந்தக் கைதான் உயிரைக் காப்பாத்தியது. சுமார் 300 தையல். ரெண்டு வாரத்துக்குள்ள மலர்சக் மறுபடியும் களத்தில்! கூட்டம் எழுந்து நின்னு கைதட்டியது. வெளிக்காயம் ஆறியது. உள்காயம் ஆறலை. வருஷக்கணக்கில் மனசோட போராடி, சிகிச்சை எடுத்து, மனநலம் பற்றி வெளிப்படையாப் பேச வந்தார்.

2008-ல் அதே பஃபலோ நகரத்தில், புளோரிடா வீரர் ரிச்சர்ட் செட்னிக்கின் கழுத்தை சொந்த டீம் வீரரின் ஸ்கேட் அறுத்தது. அவரும் பிழைச்சார். எச்சரிக்கை மணி ரெண்டாவது தடவையா அடிச்சது. வெட்டுப்படாத கெவ்லார் மாதிரியான இழைகள் எப்பவோ வந்தாச்சு. கழுத்துப் பட்டை கடையிலேயே கிடைக்குது. ஆனாலும் பெரிய லீக் வீரர்களில் மிகச் சிலரே மாட்டினாங்க. கசகசன்னு இருக்குமாம், பார்க்கவும் நல்லா இருக்காதாம்.

2023 அக்டோபர் 28. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம். நாட்டிங்ஹாம் பேந்தர்ஸ் வீரர் ஆடம் ஜான்சன் மேட்ச் நடுவில் எதிரணி வீரருடன் மோத, ஸ்கேட் பிளேடு கழுத்தில் பட்டது. இந்த முறை காப்பாத்த முடியலை.

ஜான்சனுக்கு வயசு 29. பிறந்த ஊர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில். மினசோட்டா டீமுக்கு ஆடி இறந்த பில் மாஸ்டர்டனுக்கும் வயசு 29. நடுவில் 55 வருஷம்.

அதுக்கப்புறம் ரூல்கள் வேகமா வந்தது. ஜான்சன் ஆடின பிரிட்டன் லீக்கில் 2024 ஜனவரி முதல் கழுத்துப் பட்டை கட்டாயம். என்.ஹெச்.எல்-லுக்கு அடுத்த படியான அமெரிக்கன் லீக்கில் 2024-25 சீசனில் கட்டாயம். என்.ஹெச்.எல்? 2025-ல் போட்ட ஒப்பந்தப்படி, 2026-27 சீசன் முதல் கட்டாயம்... புதுசா வர்ற வீரர்களுக்கு மட்டும்! தாத்தா இன்னும் ரிட்டையர் ஆகலை பாஸ்!

முதல் ஆள் யாரு?

மூணு கவசத்துக்கும் ஒரே திரைக்கதை. பொருள் ரெடியா இருக்கும். ஆபத்து எல்லாருக்கும் தெரியும். மனசுக்குள்ள எல்லாரும் சரின்னு சொல்வாங்க. ஆனா முதல் ஆள் கிடைக்க மாட்டான். ரத்தம் சிந்தின பிறகு ரூல் வரும். ரூல் வந்த பிறகு, இதுக்கா இத்தனை நாள் யோசிச்சோம்னு எல்லாரும் சாதாரணமா மாட்டிக்கிட்டுப் போவாங்க.

ஷெல்லிங் சொன்னபடி ரூல் வந்தா முதல் ஆள் தேவையே இல்லை. ரூல் வரும்வரை? பின்னல் ஊசியும் பிடிவாதமுமா ஒரு ஜாக் பிளான்ட் தேவைப்படறார். அவருக்கும் ஒரு கிளைமாக்ஸ் இருக்கு. 1970 ஸ்டான்லி கோப்பை ஃபைனல், முதல் மேட்ச். 41 வயசு பிளான்ட் அப்போ செயின்ட் லூயிஸ் டீமுக்கு கோலி. பாஸ்டன் வீரர் அடிச்ச ஷாட், நடுவில் இன்னொருத்தர் மட்டையில் பட்டுத் திசை மாறி, நேரா அவர் நெற்றியில். ஃபைபர்கிளாஸ் முகமூடி உடைஞ்சே போச்சு. பிளான்ட் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் கண் விழிச்சதும் அவர் சொன்னது, முகமூடிதான் என் உயிரைக் காப்பாத்தியது என்பதைத்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி கோச்சிடம் 'முடியாது'ன்னு சொன்னதுக்குக் கிடைச்ச சம்பளம் அது!

கடைசியா ஒரு ஹோம்வொர்க். பைக் டேங்க் மேல ஜாலியா உட்கார்ந்து வர்ற ஹெல்மெட், ஒர்க்ஷாப் அலமாரியில் தூசி படிஞ்சு கிடக்குற சேஃப்டி கண்ணாடி... இது ரெண்டையும் பற்றி உங்க கேங்ல ஒரு ரகசிய ஓட்டெடுப்பு நடத்துங்க. சீட்டைப் பிரிச்சுப் பார்த்தா, எல்லாரும் உங்களை மாதிரியே, மத்தவன் போடட்டும்னு காத்துக்கிட்டு இருந்தது தெரியவரும். அப்புறம் மறுநாள் காலையில் யார் முதல்ல மாட்டுறதுங்கறதை நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க.

அடுத்த வாரம் வேற கிரவுண்டு, வேற ஆட்டம். வர்ட்டா..!